நீர் ஊறிய ஃபைபர் கூரை: ஏற்காட்டுத் தோட்டத்தில் நின்ற ஒரு மெட்டடார் கேரவனின் பழுதும் சீரமைப்பும்

## பின்னணி

வண்டி 1986 மாடல் மெட்டடார் வேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. வாங்கிய சில ஆண்டுகளிலேயே குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக அதைக் கேரவனாக மாற்றியிருக்கிறார்கள். தகரக் கூரையை ஓரத்தில் நான்கு விரற்கடை விட்டு வெட்டியெடுத்துவிட்டு, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில், கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் இறுக்கிச் செய்த ஒரு ஃபைபர் கூரையை ஏற்றி போல்ட் போட்டிருந்தார்கள். காற்றுக்கு இரண்டு திறப்பு மூடிகள், சாமான் கட்ட மேலே ஒரு கேரியர், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து ஒட்டிய ரெக்சின். கேரவன் என்றாலே ஷூட்டிங் வண்டி என்று நினைக்கும் ஊரில், அன்றைக்கு இது பெரிய ஆடம்பரமாகத்தான் இருந்திருக்கும்.

என்ஜின் படுத்தபின் வண்டி தோட்டத்திலேயே சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் பல ஆண்டுகள் நின்றுவிட்டது. நின்ற இடம் சரிவு. முன்பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம். இந்தச் சரிவு ஒரு முக்கியமான சாட்சி என்பது பின்னால் தெரிந்தது.

ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் மழை ஓய்ந்த நாளிலும் பனிமூட்டம் இறங்கிவிடும். ஆறேழு மாதத்துக்கு எந்தப் பொருளும் முழுசாகக் காய வழியில்லை. தகரமாக இருந்தால் துருப்பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபைபர் அப்படிச் செய்யாது. உள்ளே எது மக்கினாலும் வெளியே வெள்ளையாகவே நிற்கும்.

உரிமையாளரின் மகன் வண்டியை ரோட்டில் ஓட்ட விரும்பவில்லை. தோட்டத்துக்கு வரும் விருந்தினர் தங்கும் அறையாக்க நினைத்தார். பின் படுக்கைக்கு மேலே இடது மூலையில் ஒழுகுகிறது, அதை மட்டும் சரிசெய்தால் போதும் என்றுதான் சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார்.

“மேல ஒரு கோட்டு ரெசின் அடிச்சு விட்டீங்கன்னா நின்னுடாதுங்களா அண்ணே?” என்றார். கூட வந்த அவருடைய பெரியப்பாவுக்கு அதுகூடத் தேவையில்லை. “தகர ஷீட்ட வளைச்சு மேல அடிச்சா வேலை முடிஞ்சுது தம்பி, எதுக்கு வீண் செலவு?” என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். கூரையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்று சொல்லி, காப்பிப் பழம் பறிப்பு முடிந்த பிப்ரவரியில் மேலே போய்ப் பார்த்தோம்.

## மேலே கண்டவை

கூரையின் மேல் அடுக்கடுக்காகப் பழைய வைத்தியங்கள் இருந்தன. அடியில் மூடிகளைச் சுற்றி எம்-சீல், அதற்கு மேல் சிலிக்கான், அதற்கும் மேல் பின்பாதி முழுக்கத் தார் ஷீட், எல்லாவற்றுக்கும் மேல் அலுமினியம் பெயின்ட். ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு பூச்சு. சில்வர் ஓக் சருகு கேரியர் கம்பிகளுக்கு இடையில் மக்கி, விரல் கனத்துக்கு மண்ணாகவே மாறியிருந்தது. அதில் பெரணி முளைத்திருந்தது.

முதலில் தட்டிப் பார்த்தோம். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம், ஐந்து ரூபாய்க் காசு போதும். காசின் விளிம்பால் தட்டிக்கொண்டே போக, நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. மூடிகளைச் சுற்றியும் பின்பாதியிலும் பொத்பொத்தென்றது. சத்தம் மாறும் இடங்களை மார்க்கரால் கோடு போட்டுச் சேர்த்தபோது, கூரையில் பாதிக்குமேல் கோட்டுக்குள் வந்துவிட்டது. உள்ளே தெரிந்த கறை ஒரு தாம்பாளம் அளவுதான்.

அடுத்தது நூல். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை நடுவில் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தால், மேலே புடைத்திருக்க வேண்டிய கூரை நூலுக்குக் கீழே 35 மில்லிமீட்டர் தொங்கியது. நடுவில் ஒரு குளம். மழை நின்றாலும் தண்ணீர் நிற்கும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. ஹோஸைக் கூரை முழுக்கப் பீய்ச்சினால் ஒன்றும் தெரியாது. கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக நனைத்து, ஒருவர் உள்ளே டார்ச்சோடு காத்திருந்து, பிறகு மேலே நகர வேண்டும். பின் மூலையில் நேராக எவ்வளவு ஊற்றியும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. முன் மூடியைச் சுற்றி ஊற்றிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின் மூலை கசிந்தது. மூடியின் சட்டத்தைப் பிடித்திருந்த ஸ்க்ரூ துளைகளில் நுழைந்த தண்ணீர், கூரையின் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே இருந்த பிளைவுட் வழியாக, வண்டி நின்ற சரிவிலேயே பின்னால் இறங்கி, கடைசியில் வழி கிடைத்த இடத்தில் சொட்டியிருக்கிறது. கேரியர் போல்ட்டுகள் இரண்டாவது வாசல்.

உள்ளே ரெக்சினைக் கிழித்து, உள்தோலில் ஒரு சாண் சதுரத்துக்கும் குறைவாக வெட்டியெடுத்தோம். பிளேடு இறங்கியதும் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடிவந்தது. பின்னாலேயே முட்டையைத் தூக்கிக்கொண்டு கறுப்பு எறும்புகள் வரிசையாக வந்தன. பிளைவுட்டின் நடு அடுக்குகளை நகத்தால் சுரண்ட முடிந்தது.

வெட்டிய துண்டைப் பாலித்தீனில் சுற்றிக் கீழே கொண்டுவந்து, பக்கத்துக் கொலுசுப் பட்டறைத் தராசில் எடை போட்டோம். 236 கிராம். வெயிலில் வைத்து, எடை இறங்குவது நிற்கும் வரை காயவைத்துப் பார்த்தால் 142 கிராம். காய்ந்த மரத்தின் எடையில் 66 சதவீதம் தண்ணீர். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சைக்கு வேலை இல்லை. இங்கே அதைப்போல் மூன்று மடங்கு. பாதிக் கூரை இப்படி ஊறியிருக்கிறது என்று கணக்குப் போட்டாலே ஏறக்குறைய பத்து லிட்டர் தண்ணீர் அந்தக் கூரைக்குள் சுமையாக இருந்தது. தொங்கியதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேல்பூச்சு, தகரம் இரண்டும் முதலிலேயே கழிந்தன. மேலே புதிதாக எதை மூடினாலும் உள்ளே இருக்கும் தண்ணீரும் உள்ளேயே அடைபடும். தார் ஷீட் செய்ததும் அதுதான். அது போட்ட பிறகு வண்டி இரண்டு வருஷம் ஒழுகவில்லை என்று எஸ்டேட் மேஸ்திரி சொன்னார். ஒழுகவில்லை, சரி. அந்த இரண்டு வருஷமும் பிளைவுட் ஊறிக்கொண்டிருந்தது. வெட்டியெடுத்த துண்டைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தோம். பிசைந்து பார்த்துவிட்டு, “சரி, பிரிச்சுருங்க” என்றார்.

எங்கே வைத்துச் செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. தோட்டத்திலேயே செய்தால் போக்குவரத்துச் செலவு இல்லை. ஆனால் பாலியெஸ்டர் ரெசினுக்குக் குளிரும் ஈரமும் ஆகாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் இறுகுவது மந்தமாகும். பனி படிந்த பரப்பில் போட்ட மேட் (ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழை விரிப்பு) பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதைவிட முக்கியம், திறந்த ஃபைபர் நன்றாகக் காய வேண்டும். மலைக்கும் சேலத்துக்கும் 1200 மீட்டர் உயர வித்தியாசம். வெப்பத்தில் ஏழெட்டு டிகிரி. சேலத்துப் பங்குனி, சித்திரை வெயிலை ஊரே திட்டும். இந்த வேலைக்கு அது கூலி கேட்காத ஆள். தோட்டத்தின் காப்பிக் களத்தில் வைத்துக் காயவைக்கலாமா என்று மகன் கேட்டார். களம் முழுக்கப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

வண்டியைக் கொண்டுவருவதா, கூரையை மட்டும் கொண்டுவருவதா? ஓடாத வண்டியை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். தவிர, கூரை வண்டியின் மேலே இருக்கும்போது உள்ளேயிருந்து மேட் போடுவதென்றால் தலைக்கு மேல் வேலை. ரெசின் முகத்தில் சொட்டும், மேட் பிரிந்து தொங்கும், காற்றுக்குமிழியை ரோலர் போட்டு எடுக்க முடியாது. கழற்றிக் கவிழ்த்துப் போட்டால் எல்லாமே தரைவேலை. விளிம்பு போல்ட்டுகளில் பாதி துருப்பிடித்து எப்படியும் வெட்ட வேண்டிய நிலையில்தான் இருந்தன. ஆகவே கூரை மட்டும் என்று முடிவானது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கழற்றிய கூரை வடிவத்தில் நிற்காது. விளிம்பு விரிந்துவிட்டால் திரும்ப வண்டியில் உட்காராது. அதற்காகக் கழற்றும் முன்பே, சதுரக் குழாயில் ஒரு சட்டம் வெல்டிங் செய்து, கூரை விளிம்பின் பழைய துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்கினோம். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சட்டத்திலேயே பெயின்டால் எழுதி வைத்தோம். காகிதத்தில் எழுதினால் அது பட்டறையில் தொலைவதற்கென்றே இருக்கும்.

கடைசி முடிவு, பிளைவுட்டுக்குப் பதில் என்ன என்பது. மறுபடி பிளைவுட் போட்டால் மறுபடி இதே கதைக்கு வழி விட்டதாகும். தெர்மாகோல் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். குளிர்பதனக் கிடங்குகளில் போடும் பஃப் ஷீட் (பாலியூரித்தேன் நுரைப் பலகை) கரையாது, ஆனால் மேலே ஆள் ஏறினால் நசுங்கும். எனவே நடுவில் முழுதும் எதையும் அடைக்காமல், பஃப் ஷீட்டைப் பட்டைகளாக அறுத்து, ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து, அவற்றின் மேல் மேட் போர்த்தி விலா எலும்புபோல் அமைப்பது என்று வைத்துக்கொண்டோம். இந்த அமைப்பில் பலம் முழுக்க மேலே போர்த்திய ஃபைபரில். உள்ளிருக்கும் பஃப் வெறும் அச்சு. நாளைக்கு அது நனைந்தாலும் கூரை தொங்காது. மூடிச் சட்டம் உட்காரும் இடத்தில் மட்டும் ஸ்க்ரூ கடிக்க மரம் வேண்டும். அங்கே ஐ.எஸ். 710 தரத்தில், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் வளையம், எல்லா விளிம்பும் ரெசின் குடித்தபின்.

## வேலை நடந்த விதம்

தார் ஷீட்டை மலையிலேயே எடுத்துவிட்டோம். விடிகாலைக் குளிரில் தார் ஓடு மாதிரி உடைந்து வரும். அதையே சேலம் வெயிலில் எடுக்கப் போனால் களிம்பாகி எங்கும் பூசிக்கொள்ளும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவில்லை, எண்ணெய்ப் பசை தங்கிவிடும்.

கூரையை ஈச்சர் லாரியில் இறக்கி, பட்டறையில் சிலிக்கானைக் கவனித்தோம். ஃபைபர் ரிப்பேர் வேலையில் சிலிக்கானைப்போல் எதிரி இல்லை. அது இருக்கும் இடத்தில் ரெசினும் ஒட்டாது, ஃபைபரின் வழவழப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட்டும் ஒட்டாது. கிரைண்டர் வைத்தால் மொத்தப் பரப்பிலும் இழுத்துப் பூசிவிடும். ஆகவே எமரி தொடுவதற்கு முன்பே பிளேடால் சீவி, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றினோம். முடிந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தால் தெரியும். தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக உருண்டால் சிலிக்கான் பாக்கி.

தார் ஷீட்டுக்கு அடியில் இருந்த ஜெல்கோட்டில் கொப்புளங்கள் கிடந்தன. உடைத்தால் வினிகர் வாடையுள்ள திரவம். ஊறிய ரெசினிலிருந்து கரைந்து வந்த பொருள் அது. அப்படியே காயவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே எல்லாக் கொப்புளங்களையும் எமரியால் திறந்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினோம். நனைந்த கூரையைக் காயவைக்கக் கொண்டுவந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று மகனுக்கு ஒரே குழப்பம்.

கூரையைக் கவிழ்த்து வைக்க மரத் தொட்டில் ஒன்று செய்தோம். அதன் வளைவு, இன்னும் வடிவம் கெடாத முன் விளிம்பிலிருந்து பிளைவுட் அச்சு வெட்டி எடுத்தது. உள்தோலையும் மக்கிய மரத்தையும் பிரித்ததும், மூன்று மில்லிமீட்டர் வெளித்தோல் மட்டும் மிஞ்சியது. தொங்கிய நடுப்பகுதி கவிழ்த்த நிலையில் மேலே புடைத்து நின்றது. அதன்மேல் சிறு மணல் மூட்டைகளைப் பரப்பி வெயிலில் விட்டோம். வெயிலில் பாலியெஸ்டர் சற்று இளகும். நாளுக்குக் கொஞ்சமாக இறங்கி, தொட்டிலின் வளைவில் தானே படிந்தது. ஜாக்கி வைத்து ஒரே நாளில் அழுத்தியிருந்தால் விரிசல்தான் விழுந்திருக்கும்.

காய்ந்ததா என்பதற்கும் எளிய சோதனை வைத்திருந்தோம். மாலையில் ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, அடுத்த நாள் வெயிலில் பார்ப்பது. அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம். கொப்புளம் இருந்த பகுதி மட்டும் மற்ற இடங்களைவிட வெகுநாள் வியர்த்துக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை ரெசின் டப்பாவைத் திறக்கவில்லை.

ரெசின், தொட்டிகளுக்குப் போடும் சாதா ரெசின் அல்ல. தண்ணீர் தாங்கும் ஐசோ ரெசின். விலை கூடுதல்தான். மேட் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்), கையால் போட்டால் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். உள்பக்கம் முழுக்க இரண்டு அடுக்கு, விலாக்களின் மேல் மூன்று. மேட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு ரெசின் என்ற கணக்கில் எடைபோட்டுக் கலந்தோம். சித்திரை வெயிலில் ரெசின் கைக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை ஒரு சதவீதத்துக்கு இறக்கி, விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்தோம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது: இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

வெளிப்பக்கம் கேரியர் துளைகளை அடைத்தோம். துளையை அப்படியே நிரப்பாமல், சுற்றிலும் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, சிறியதிலிருந்து பெரியதாக மேட் துண்டுகளை வைத்தோம். பின் மூடியையும் அடைத்துவிட உரிமையாளர் ஒத்துக்கொண்டார். முன் மூடியின் பழைய சதுரச் சட்டத்தை மட்டும் மாற்றக்கூடாது என்றார். அது அவருடைய அப்பா பொருத்தியது. கடைசி ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசல் சேர்த்தோம். சேர்க்காவிட்டால் காற்றுப் படும் பரப்பு இறுகாமல் ஒட்டும்.

## பிறகு நடந்தது

மே மாதக் கடைசியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன் கூரை மலையேறியது. சட்டத்தில் எழுதிய குறுக்களவு மாறவில்லை. வண்டியின் தகர விளிம்பைத் துரு நீக்கிப் பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து இறக்கினோம். மூடிச் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை). கேரியர் திரும்ப ஏறவில்லை. வண்டியைச் சமதளத்தில், மரத்தடியை விட்டு விலக்கி நிறுத்தினார்கள்.

ஜூலையில் மகனிடமிருந்து போன். “அண்ணே, மறுபடி ஒழுகுதுங்க.” என்ன நேரத்தில், எங்கே என்று கேட்டோம். விடிகாலையில், கூரை முழுக்கப் பொடிப்பொடியாகச் சொட்டு. முந்தின இரவு மழை இல்லை. உள்ளே மூன்று பேர் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒழுகல் என்றால் ஒரு இடத்தில் வரும், மழையைத் தொடர்ந்து வரும். இது மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கூரையில் படிந்தது. மூடியை இரண்டு விரல் திறந்தே வைக்கச் சொன்னோம், நின்றுவிட்டது. பழைய கூரையில் பிளைவுட்டும் ஸ்பாஞ்சும் குளிரை ஓரளவு தடுத்திருந்தன. இப்போது விலாக்களுக்கு இடையே வெறும் ஃபைபர்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் போய்க் காசால் தட்டினோம். எங்கும் கணீரென்ற சத்தம்தான். நூல் கட்டிப் பார்த்ததில் வளைவும் இறங்கவில்லை. முன் மூடியின் ஒரு மூலையில் மட்டும் ஜெல்கோட்டில் முடி அளவு விரிசல். ஊசியால் குத்திப் பார்த்தோம், மேட் வரை போகவில்லை.

## இனி இப்படி ஒரு வேலை வந்தால்

மூடித் துளையின் மூலைகளை வட்டமாக வெட்டுவோம், பழைய சட்டம் பொருந்தாவிட்டாலும் சரி. சதுர மூலையில்தான் இழுவிசை குவிகிறது, விரிசலும் அங்கேதான் பிறந்தது. அப்பா வைத்த சட்டம் என்பதன் மதிப்பு புரிகிறது. அதை உள்பக்கம் அலங்காரமாகப் பொருத்த வழி உண்டு.

விலாக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் குளிர் தடுக்க ஏதாவது வேண்டும். ஆனால் ஒட்டக்கூடாது. ஸ்க்ரூவில் கழற்றும் பலகைகளாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கூரையின் அடியைக் கண்ணால் பார்க்கலாம். ரெக்சின் ஒட்டியிருந்ததால்தான் இந்தக் கூரையின் ஈரம் இத்தனை வருஷம் மறைந்திருந்தது.

பிளைவுட் முழுதும் ஊறாமல், ஒரு மூடியைச் சுற்றி மட்டும் பொத்தென்று கேட்கும் கூரையாக இருந்தால் இவ்வளவும் தேவைப்படாது. அந்த இடத்தை மட்டும் உள்ளிருந்து திறந்து, மரத்தை மாற்றி, வண்டியிலேயே முடித்துவிடலாம். கழற்றுவதற்கான எல்லை எங்கள் கணக்கில், சத்தம் கெட்ட பகுதி கூரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அல்லது நூலுக்குக் கீழே தொங்கினால்.

விரிசல் விட்ட மூலையைத் தேய்த்து ஒரு துண்டு மேட் வைக்க வேண்டும். பிப்ரவரியில் பறிப்பு முடிந்து வெயில் பிடித்ததும் அதை மலையிலேயே செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். மூடியின் சட்டத்தை வட்ட மூலையாக மாற்றுவது பற்றி அந்த வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.